கோயில் மண்டபத்துக்கு ஒரு சுற்றுக் கம்பி

கெடாவில் செம்பனை ஆலையின் கொதிகலன் பக்கத்திலும், ரப்பர் ஆலையின் உருளை இயந்திரங்களுக்கு நடுவிலும் உழைத்து ஓய்ந்தவர்களிடம் அடிக்கடி கேட்கிற குறை இது: “சத்தம் கேக்குது. என்ன பேசுறாங்கன்னுதான் வெளங்கல.” வீட்டில் இருப்பவர்கள் உடனே குரலை உயர்த்துகிறார்கள். அதனால் பெரிய பயன் இல்லை.

ஆலை இரைச்சல் உள்காதின் மயிரணுக்களைச் சிதைக்கும்போது முதலில் போவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான கூரிய ஒலிகள். உயிரெழுத்துகளின் வலு இதற்குக் கீழே இருப்பதால் அவை தப்பிவிடும். மெய்யெழுத்துகளின் நுட்பம்தான் தொலையும். ‘கடை’, ‘சடை’, ‘தடை’, ‘படை’ நான்கும் ஒன்றுபோலக் காதில் விழும். செத்த மயிரணு மீண்டும் முளைப்பதில்லை.

மலேசியாவின் 1989ஆம் ஆண்டு விதிமுறை எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் வரை அனுமதித்தது. 2019இல் வந்த விதிமுறை அதை 85 ஆக்கியது. ஐந்துதானே என்று நினைக்கக்கூடாது. ஒலியாற்றலில் அது மூன்று மடங்குக்கும் மேலான வேறுபாடு. இன்று காது மந்தமாகிப்போன பலர், சட்டம் அனுமதித்த இரைச்சலிலேயே கேட்புத்திறனை இழந்திருக்கலாம் என்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

கேட்புக்கருவி உதவும், எதிரில் இருப்பவர் பேசினால். சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு கோயில் மண்டபத்தை எண்ணிப் பாருங்கள். பேச்சாளர் மேடையில், பெரியவர் கடைசி வரிசையில். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் நேரே வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. சிமெண்டுச் சுவரும் ஓடு பதித்த தரையும் எதிரொலியைக் கூட்டுகின்றன. கருவி குரலோடு மின்விசிறியையும் குழந்தை அழுகையையும் சேர்த்தே பெருக்குகிறது.

இதற்கான தீர்வு பழையது. பிரிட்டனில் ஜோசப் போலியாகாஃப் 1937இலேயே காப்புரிமை கேட்ட முறை. மண்டபத்தைச் சுற்றித் தரையடியில் ஒரு கம்பி. மேடை மைக்கின் ஒலி அதில் மின்னோட்டமாக ஓடிக் காந்தப்புலத்தை எழுப்புகிறது. பல கேட்புக்கருவிகளுக்குள் இருக்கும் ‘டெலிகாயில்’ என்ற சிறு சுருள் அதைப் பிடித்து மீண்டும் ஒலியாக்குகிறது. அந்தக் கம்பி வழியாக வருவது மைக்கில் பேசியது மட்டுமே. தூரமும் எதிரொலியும் குறுக்கே வருவதில்லை.

2022இல் அறிமுகமான ஆரகாஸ்ட் என்ற புளூடூத் முறை கம்பியே இல்லாமல் இதைச் செய்யும். ஆனால் அதற்குப் புதிய கருவி வேண்டும். தோட்டத்துப் பெரியவரின் கையில் இருப்பது பழையது. அதனால் இப்போதைக்குக் கம்பிக்கே என் ஓட்டு.

கும்பாபிஷேகத் திருப்பணியில் தரையைப் பெயர்க்கும்போதே கம்பியைப் பதித்துவிட்டால் தனிச்செலவு குறையும். தரைக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் காந்தப்புலத்தை விழுங்கும் என்பதால் நிபுணர் அளந்து பார்க்கவேண்டும். கருவி வாங்குபவர்கள், டெலிகாயில் இருக்கிறதா, அதை இயக்கிவைத்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்கவேண்டும். மிகச் சிறிய கருவிகள் பலவற்றில் அது கிடையாது. ஆலை இரைச்சலால் வந்த செவித்திறன் இழப்பைச் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு தொழில்சார் நோயாகவே ஏற்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டை பெற்றவர்கள் உதவிக் கருவிக்காகச் சமூகநல இலாகாவை அணுகலாம்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு கோரிக்கை, தலைவர்களுக்கு. “எனக்கு மைக் வேண்டாம், என் குரலே போதும்” என்று ஒதுக்கிவைக்காதீர்கள். மைக்கில் விழாத சொல் அந்தக் கம்பிக்குள் போகாது.