க்ரூஸ் கப்பலில் போறீங்களா? டூர் டிக்கெட் இல்லாமல் துறைமுக ஊரை நடந்தே சுற்றலாமா?

2024 மார்ச் கடைசி. மேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய சாவோ தோமே தீவு. க்ரூஸ் கப்பலில் இருந்து இறங்கி, தனியாக ஏற்பாடு செய்த டூரில் போன 8 பயணிகள் தாமதமாகத் திரும்புகிறார்கள். கப்பல் இன்னும் கிளம்பவில்லை, கண்ணெதிரே கடலில் நிற்கிறது. கடலோரக் காவல் படகு அவர்களைக் கப்பல் அருகே கொண்டுபோய் விட்டும், உள்ளே ஏற்றிக்கொள்ளவில்லை. பிறகு பல நாடுகளைத் தாண்டி ஓடி, ஏப்ரல் 2-ம் தேதி செனகலின் டக்கார் துறைமுகத்தில்தான் அவர்களால் கப்பலைப் பிடிக்க முடிந்தது.

இதைக் கேட்டதும், "அப்போ கப்பல்காரங்க விக்கிற டூர்லயே போயிடலாமே" என்று தோணும். ஆனால் அது எல்லா ஊருக்கும் தேவையில்லை. எங்கே நடக்கலாம், எங்கே கூடாது, எதைக் கவனிக்கணும்? பார்க்கலாம்.

கப்பல் ஏன் காத்திருக்காது?

ஈவு இரக்கம் இல்லாமல் இல்லை. துறைமுகத்தில் கப்பல் நிற்க ஒதுக்கப்படுவது குறிப்பிட்ட நேரம்தான். வெளியே அழைத்துச் செல்லும் பைலட், இழுவைப் படகு எல்லாமே அந்த நேரத்துக்கு ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும். அடுத்த ஊரிலும் இடம் காத்திருக்கும். ஒருவருக்காக ஒரு மணி நேரம் நின்றால், ஆயிரக்கணக்கானவர்களின் பயணம் தள்ளிப்போகும்.

கப்பல் நிறுவனமே நடத்தும் டூர் தாமதமானால் கதை வேறு. பெரும்பாலும் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அந்த டூர் விலையில் இந்த உத்தரவாதமும் அடக்கம். தனியாகப் போனால் அந்தப் பொறுப்பு முழுக்க உங்களுடையது.

எல்லா துறைமுகத்திலும் நடக்க முடியுமா?

முடியாது. சிங்கப்பூரில் இருந்து கிளம்பும் கப்பல்கள் போகும் மூன்று ஊர்களை எடுத்துக்கொள்வோம்.

* போர்ட் கிள்ளான்: கோலாலம்பூர் பார்க்கலாம் என்று இறங்குவார்கள். ஆனால் நகரம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.
* புக்கெட்: பெரிய கப்பல்கள் பல நேரங்களில் கடலிலேயே நங்கூரமிட்டு, சின்னப் படகில் கரைக்குக் கொண்டுபோய் விடும். திரும்பும்போது படகுக்கான வரிசையையும் கணக்கில் சேர்க்கணும்.
* பினாங்கு: கப்பல் நிற்கும் ஸ்வெட்டென்ஹாம் துறை, ஜார்ஜ் டவுன் நகரத்தின் வாசலிலேயே இருக்கிறது. நடந்து சுற்ற இதைவிட வசதியான ஊர் கிடைப்பது கஷ்டம்.

பினாங்கில் எப்படிச் சுற்றலாம்?

துறைமுக வாசலைத் தாண்டியதும் கண்ணில் படுவது 60 அடி உயர மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணியின் 60 ஆண்டு ஆட்சியைக் குறிக்க, ஆண்டுக்கு ஒரு அடி கணக்கில் கட்டியது. பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-ல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய பகுதி இது.

அங்கிருந்து பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா. தமிழ்ப் பாட்டுச் சத்தம், பூக்கடை, சேலைக்கடை, தமிழில் பெயர்ப்பலகை. வழி தெரியலைன்னா தமிழிலேயே கேட்கலாம். குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. மதியம் நடை சாத்துவார்கள் என்பதால் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

சற்றுத் தள்ளி, 1801-ல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இதை நிறுவியவர் தமிழ் முஸ்லிம் சமூகத்தின் தலைவராக இருந்த காதர் முகைதீன். சூலியா தெருவில் நாகூர் தர்காவின் பெயரிலேயே ஒரு தர்காவும் உண்டு. ஆர்மீனியன் தெருவில், நிஜ சைக்கிளைச் சுவரோடு பொருத்தி 2012-ல் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த குழந்தைகள் ஓவியத்தின் முன்பு எப்போதும் போட்டோ எடுக்கக் கூட்டம் நிற்கும்.

2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்தப் பழைய நகரத்தில் வெயில்தான் பெரிய சவால். கடைகளுக்கு முன்னால் 'ஐந்தடி' என்று சொல்லப்படும் கூரை போட்ட நடைபாதைகள் உண்டு. வெயிலுக்கும் திடீர் மழைக்கும் அதிலேயே நடக்கலாம். கால் வலித்தால் நகருக்குள் இலவசப் பேருந்தும் ஓடுகிறது.

எந்தக் கடிகாரத்தை நம்புவது?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். கப்பலுக்கு என்று ஒரு நேரம் உண்டு, 'ஷிப் டைம்'. சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம். ஆனால் தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்து, உங்கள் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டால்? போனில் 4 மணி காட்டும்போது கப்பலில் 5 மணி!

அதனால் இறங்கும் முன் கப்பல் நேரத்தைக் கேட்டு, ஒரு கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது கப்பல் கிளம்பும் நேரத்தை அல்ல, பயணிகள் ஏறி முடிக்க வேண்டிய நேரத்தை. அது முன்கூட்டியே இருக்கும். ஏறி முடிக்க 5.30 மணி என்றால், 4 மணிக்கே திரும்பத் தொடங்குவது பாதுகாப்பு.

கையில் என்னென்ன இருக்கணும்?

* கப்பல் அட்டை, பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்திருந்தால் அதன் நகல்.
* விசா: சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்குகிறீர்கள் என்றால் அது பலமுறை நுழையும் விசாவா என்று பாருங்கள். மலேசியாவுக்கு ஆன்லைன் வருகை அட்டை உண்டு. விதிகள் மாறும், கிளம்பும் முன் சரிபார்ப்பது அவசியம்.
* துறைமுக ஏஜென்ட்டின் போன் எண். கப்பலில் தினமும் தரும் தகவல் தாளில் இருக்கும், போட்டோ எடுத்துக்கோங்க.
* இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம், கொஞ்சம் உள்ளூர்ப் பணம், அன்றைய மாத்திரைகள், தண்ணீர்.

ஒருவேளை கப்பலை விட்டுவிட்டால்?

பதற்றப்படாமல் முதலில் அந்த ஏஜென்ட்டை அழைக்கணும். யார் ஏறவில்லை என்பது அட்டைப் பதிவில் கப்பலுக்குத் தெரிந்துவிடும். அறையில் பாஸ்போர்ட் இருந்தால், பல நேரங்களில் அதை எடுத்து ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அடுத்த ஊருக்குப் போகும் செலவு உங்கள் கையில் இருந்துதான். பயணக் காப்பீட்டில் இது வருமா என்று முன்பே கேட்டு வைப்பது நல்லது.

வயதான அப்பா, அம்மா, கைக்குழந்தையோடு போகிறவர்களும், ஊர் தூரத்தில் இருக்கும் துறைமுகத்தில் இறங்குகிறவர்களும் கப்பல் டூரையே எடுக்கலாம். தப்பில்லை. ஆனால் பினாங்கு மாதிரி ஊரில், நாலு பேர் டூருக்குக் கட்டும் பணத்தை மிச்சம் பிடித்து, பிடித்த கடையில் உட்கார்ந்து நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு நிதானமாகத் திரும்பலாம். மணிக்கூண்டு கண்ணில் தெரியும்போது, கையில் இன்னும் ஒரு மணி நேரம் மீதி இருக்கணும். அவ்வளவுதான்.