நாடாவில் இருக்கிறான், எழுத்தில் இல்லை!

பேச்சைப் பதிவு செய்து வைத்துவிட்டால் போதும், வரலாறு பிழைத்துவிடும் என்று எண்ணுவோர் பலர். நாம் அப்படி எண்ணவில்லை. ஏட்டைப் புரட்டித் தேடலாம். ஒலிநாடாவைப் புரட்ட முடியுமா? உட்கார்ந்து கேட்டாக வேண்டும்!

இட்லரின் நாஜி ஆட்சி யூத மக்களைக் கொன்று குவித்த கொடுமையிலிருந்து உயிர் தப்பியோரின் வாக்குமூலங்களைத் திரட்ட, திரைப்பட இயக்குநர் ஸ்பீல்பெர்க் 1994-இல் ஒரு நிறுவனம் கண்டார். சில ஆண்டுகளிலே 32 மொழிகளில் ஏறத்தாழ 52,000 பேர் பேசினர். மொத்தம் 1,16,000 மணி நேரம்! இரவு பகல் ஓயாது கேட்டாலும் முடிக்க 13 ஆண்டுகளுக்கு மேலாகும்.

பேச்சை எழுத்தாக்கும் பொறியைக் கொண்டு இதனைத் தேடத்தக்கதாக்க அமெரிக்க அறிஞர்களும் செக் நாட்டு அறிஞர்களும் 2001-இல் முனைந்தனர். பொறி தடுமாறிற்று. ஏன்? வானொலி, தொலைக்காட்சியில் செய்தி வாசிப்போரின் குரலிலே பழகிய பொறி அது. இங்கோ முதியவர்கள், தாய்மொழிச் சாயல் ஏறிய ஆங்கிலத்தில், பெற்றோரைப் பறிகொடுத்த கதையை விம்மி விம்மிச் சொல்கிறார்கள். 2004-இல் ஆக்கிய ஆங்கில எழுத்தில் 100 சொல்லுக்கு 38 பிழை. 2006-இல் அது 25 ஆயிற்று.

பிழை எங்கே விழுந்தது என்பதுதான் நம் நெஞ்சை உறுத்துகிறது. 'வந்தான்', 'போனான்' என்பதிலே விழுந்தால் கவலையில்லை. தன் சொற்பட்டியலில் இல்லாத ஊர்ப்பெயரோ ஆட்பெயரோ வரும்போது, பொறி ஒலியால் நெருங்கிய வேறொரு சொல்லைப் போட்டு நிரப்பிவிடுகிறது. அண்ணனைத் தேடி வருபவனுக்கு, நாடாவிலே அண்ணன் இருக்கிறான், எழுத்திலே இல்லை! மனிதர் கேட்டு எழுதிய குறிப்புகளைக் கொண்டு தேடியபோது கிட்டிய பலன், பொறியின் எழுத்தைக் கொண்டு தேடியபோது கிட்டாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்நாள் பொறி வேறு, இந்நாள் பொறி வேறு என்பர். மெய்தான். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022-இல் வெளியிட்ட 'விஸ்பர்' 6,80,000 மணி நேரப் பேச்சில் பழகியது. ஆனால் ஆங்கிலமல்லாத 96 மொழிகளும், பேச்சை அந்தந்த மொழியிலேயே எழுதிப் பழகப் பெற்றது எல்லாம் சேர்த்து 1,17,000 மணிதான்! பந்தியிலே இடம் உண்டு, இலையிலே சோறுதான் குறைவு.

சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த 'ஏஐ4பாரத்' குழு 2024-இல் 22 இந்திய மொழிகளில், படித்துக் காட்டும் பேச்சைவிட இயல்பாகப் பேசும் பேச்சையே மிகுதியாகத் திரட்டி வெளியிட்டது, வரவேற்கிறோம். நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும், நாற்று நடும் தாயின் பேச்சும் பொறியின் காதில் இன்னும் ஏற வேண்டும். அதுவரை, பழைய மேடைப் பேச்சு நாடாக்களைப் பொறியிடம் ஒப்படைக்கும் தோழர்கள், அவற்றில் வரும் ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் தம் காதால் கேட்டு, தம் கையால் எழுதி உடன் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.