தாய்ப்பலகையும் அதன் பரிவாரமும்



வரலாறும் தமிழும் கற்றுப் பட்டம் பெற்ற ஒருவன் கணினியின் உள்ளுறுப்புகளைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கக்கூடும். எனக்கும் அது வியப்பே. ஆயினும் தேவை மனிதனை எங்கெங்கோ கொண்டுசென்று நிறுத்துகின்றது. நான் அதிபராகப் பணிபுரியும் பாடசாலையின் கணினிக் கூடத்திலே பன்னிரண்டு மேசைகள் உள்ளன. இயங்கும் கணினிகளோ ஏழுதான் இருந்தன. தரம் 11 இல் அப்பாடத்தைத் தெரிந்தெடுத்த பிள்ளைகள் முப்பத்தொருவர். ஒரு கணினிக்கு நால்வரும் ஐவருமாக நெருங்கி நின்றால், விசைப்பலகையைத் தொடும் பிள்ளை ஒன்று, தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் பிள்ளைகள் மூன்று நான்கு என்றாகிவிடும்.

இக்குறையைப் போக்கும் எண்ணத்துடன் சென்ற ஆண்டிலே ஒரு தவறு செய்தேன். பழைய மாணவர்கள் சேர்த்துத் தந்த பணத்தில் ஒரு தாய்ப்பலகையை வாங்கி, பழுதடைந்து கிடந்த கணினி ஒன்றின் பெட்டிக்குள் நானும் ஆசிரியர் ஒருவரும் பொருத்தினோம். ஆளியைப் போட்டதும் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. அதன் பின்னர் அப்பலகை உயிர்பெறவேயில்லை. கடுகளவு கவனக்குறைவு, சிறியதொரு பித்தளைக் குமிழ் இருக்கத் தகாத இடத்தில் இருந்தது, அவ்வளவே. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அச்செலவுக்குக் கணக்குச் சொல்ல எழுந்தபோது எனக்கு ஏற்பட்ட நிலையை விரித்துரைக்க விரும்பவில்லை. அக்குமிழைப் பற்றி உரிய இடத்திற் சொல்வேன்.

தாய்ப்பலகை என்பது யாது? கடைகளில் இதனை மதர்போட் என்பர். கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே நிமிர்ந்து நிற்கும் அகன்ற பலகை அதுவே. அது தானாக எதையும் கணிப்பதில்லை. மாகோப் புகையிரதச் சந்தியை நினைந்துகொள்ளுங்கள். வடக்கே செல்லும் பாதையும் மட்டக்களப்புப் பாதையும் அங்கே பிரிகின்றன. சந்தி எங்கும் பயணம் செய்வதில்லை. ஆயினும் அது பழுதுபட்டால் எந்த வண்டியும் போய்ச் சேராது. செயலி, நினைவகம், வன்தட்டு, திரை, விசைப்பலகை ஆகிய யாவும் ஒன்றோடொன்று பேசுவதற்கான செப்புத் தடங்கள் இப்பலகையின் மேலும் அடியிலும், படைபடையாக அதன் உள்ளும் ஓடுகின்றன. இவ்வுள்ளோட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஆதலினாலேயே பலகையை வளைப்பதும், அதன் மேல் திருப்புளியை வழுக்கவிடுவதும் ஆபத்தானவை.

1981 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியின் பலகையில், மேலதிக அட்டைகளைச் செருகுவதற்கு ஐந்து பொருத்துவாய்கள் இருந்தன. பின்னர் பலரும் பல அளவுகளிற் பலகைகளைச் செய்யலாயினர். 1995 இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் ஓர் ஒழுங்கை வகுத்தது. பலகை 305 மில்லிமீற்றர் நீளமும் 244 மில்லிமீற்றர் அகலமும் இருக்கவேண்டும், ஆணித் துளைகள் இன்ன இன்ன இடத்தில் அமையவேண்டும் என்பது அவ்வொழுங்கு. 244 மில்லிமீற்றர்ச் சதுரமான சிறிய வகையும் அதனுள் அடங்கும். ஒருவர் செய்த பலகை இன்னொருவர் செய்த பெட்டிக்குள் அமர்வது இதனாலேதான். எனினும் பெயர்பெற்ற சில நிறுவனங்களின் அலுவலகக் கணினிகள் இவ்வொழுங்குக்கு அடங்குவதில்லை. அவற்றின் பெட்டியும் மின்வழங்கியும் வேறெதற்கும் பொருந்தா. பழையதை வாங்குவோர் இதனை முதலிற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வாண்டு கொழும்பில் வாழும் எம் பழைய மாணவர் ஒருவர், தம் வீட்டுக் கணினியைப் புதுப்பித்தபோது எஞ்சிய தாய்ப்பலகையையும் செயலியையும் நினைவகத் துண்டுகள் இரண்டையும் அனுப்பிவைத்தார். சித்திரை விடுமுறையில் மாணவர் இருவரும் மாணவியர் இருவருமாக நால்வரை அழைத்து, இம்முறை அவர்கள் கையாலேயே செய்வதென்று தீர்மானித்தேன். என் கைராசியில் எனக்கிருந்த நம்பிக்கை முன்னரே போய்விட்டது.

முதலாவதாக, நிலைமின். நைலோன் உடை உரசும்போதும், நாற்காலியில் இருந்து எழும்போதும் நம் உடலில் மின் தேங்குகின்றது. ஏறத்தாழ மூவாயிரம் வோல்ற்று அளவை எட்டினாலன்றி நாம் அதனை உணர்வதில்லை. ஆனால் நுண்ணிய மின்னுறுப்புகள் சிலவற்றைக் கெடுக்கச் சில நூறு வோல்ற்றுகளே போதும். நாம் உணராமலே கொன்றுவிடலாம் என்பதுதான் இதிலுள்ள அச்சம். குளிரூட்டிய அறையின் உலர்ந்த காற்றில் இத்தொல்லை மிகும். வேலை தொடங்குமுன்னரும் இடையிடையேயும், வர்ணம் பூசப்படாத உலோகப் பகுதியை, பெட்டியின் உட்சட்டத்தை, விரலால் தொட்டுக்கொள்வது எளிய காப்பு. பலகையின் விளிம்பைப் பிடித்துத் தூக்குவதன்றி முகத்தைத் தொடலாகாது. பலகை வந்த வெள்ளி நிறப் பையின் மேல் அதனை வைத்து மின்செலுத்துவோரும் உளர். அப்பையின் வெளிப்புறம் மின்னைக் கடத்தவல்லது. ஆகையால் வெறும் அட்டைப்பெட்டியே உத்தமம்.

பலகையைப் பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னரே செயலி, நினைவகம், குளிர்விப்பான் என்னும் மூன்றையும் அதிற் பொருத்திவிட வேண்டும். பெட்டிக்குள் கை நுழைய இடம் போதாது.

செயலியைப் பொருத்துதல் இவ்வேலை முழுவதிலும் மிக நுட்பமான கட்டம். எமக்குக் கிடைத்த பலகையின் செயலி இருக்கையில் 1151 ஊசிகள், மயிரிழையிலும் சற்றே தடித்தவை, ஒரு சிறு சதுரத்துள் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. செயலியின் அடியில் ஊசிகள் இல்லை; தட்டையான பொட்டுகளே உள்ளன. ஏ.எம்.டி. நிறுவனத்தின் பலவகைச் செயலிகளில் இது தலைகீழ். ஊசிகள் செயலியிலேயே இருந்தன. 2022 இல் வந்த ஏ.எம். 5 இருக்கையோடு அவர்களும் ஊசிகளைப் பலகைக்கு மாற்றிக்கொண்டனர். எவ்வாறாயினும் ஓர் ஊசி வளைந்தாலும் பலகை பயனற்றுப் போகலாம். பக்கத்திலுள்ள நெம்புகோலை விடுவித்து, மூடியை உயர்த்தி, செயலியின் மூலையிலுள்ள சிறு முக்கோணக் குறியையும் இருக்கையிலுள்ள குறியையும் ஒத்துப் பார்த்து, செங்குத்தாக இறக்கி விட்டுவிட வேண்டும். அமுக்குதல் கூடாது, அதன் எடையாலேயே அது அமர்ந்துவிடும். பின்பு நெம்புகோலைத் தாழ்த்தும்போது மட்டும் சற்று வலிமை வேண்டும். கிறீச்சென்று ஓர் ஒலியும் எழும். அவ்வொலி கேட்டு எங்கள் மாணவன் ஒருவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அச்சம் வேண்டாம், அது அப்படித்தான் முறையிடும் என்றேன். எனக்கும் அடிவயிறு கலங்கியதை அவனிடம் சொல்லவில்லை.

நினைவகத் துண்டு இலகுவானது. அதன் விளிம்பில் நடுவிலிருந்து சற்று விலகி ஒரு வெட்டு உண்டு. டி.டி.ஆர். 3 வகைக்கு 240 தொடுமுனைகளும், டி.டி.ஆர். 4 வகைக்கு 288 தொடுமுனைகளும் உள்ளன. வெட்டின் இடமும் வேறு. ஒன்றுக்குரியது மற்றதில் நுழையாது. நுழையாததை நுழைக்க முயல்வோர்தாம் உடைக்கின்றனர். நான்கு பொருத்துவாய்கள் இருந்து இரண்டே துண்டுகள் கைவசம் இருப்பின், பெரும்பாலான பலகைகளிற் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுவர். அருகருகே செருகினால் இரு பாதைகளால் நடக்கவேண்டிய போக்குவரத்து ஒரு பாதையால் நடந்து வேகம் குன்றும்.

செயலி தொழிற்படும்போது மிகுந்த வெப்பம் உண்டாகும். அதனை ஏற்று வெளியேற்றுவது அலுமினியச் செதில்களும் விசிறியும் கொண்ட குளிர்விப்பான். இரண்டு உலோகப் பரப்புகள் எவ்வளவு மழமழப்பாய்த் தோன்றினும் அவற்றிடையே காற்று தங்கும். காற்றோ வெப்பத்தைக் கடத்துவதிற் பின்தங்கியது. அவ்விடைவெளியை நிரப்பவே பசை இடுகின்றனர். பழைய பசையை மதுசாரம் தோய்த்த துணியால் முற்றாகத் துடைத்துவிட்டு, புதியதை ஒரு பட்டாணியளவு நடுவில் வைத்தாற் போதும். தோசைக்கு எண்ணெய் விடுவதுபோல் தாராளமாக விடவேண்டியதில்லை. குளிர்விப்பானின் நான்கு கால்களை மூலைக்கு மூலை எதிராக அழுத்தவேண்டும். அடுத்தடுத்து அழுத்தினால் ஒருபுறம் தூக்கிக்கொள்ளும். விசிறியின் வயரைப் பலகையில் அதற்குரிய நான்கு முனையிற் செருக மறத்தலாகாது.

இனி அந்தக் குமிழ். பெட்டியின் உட்டகடு உலோகத்தாலானது. பலகையின் முதுகெங்கும் ஈயப்பற்று முனைகள் துருத்தி நிற்கின்றன. இரண்டும் தொட்டால் மின் போகத் தகாத வழியிற் பாயும். ஆதலால் தகட்டில் அறுகோணப் பித்தளைக் குமிழ்களைத் திருகி, பலகையை அவற்றின்மேல் உயர்த்தி வைக்கின்றனர். பெட்டியிற் பலவகைப் பலகைகளுக்குமான துளைகள் உள. முன்னைய பலகைக்கென இருந்த குமிழ் ஒன்று, புதிய பலகையில் துளையில்லாத இடத்தின் கீழே அகப்பட்டதே சென்ற ஆண்டின் கேடு. ஆகையால் பலகையைத் தகட்டின்மேல் பிடித்துப் பார்த்து, துளைக்கு ஒரு குமிழ், துளையற்ற இடத்தில் குமிழில்லை என்று எண்ணிச் சரிபார்க்க வேண்டும். இம்முறை மாணவியர் இருவரும் தனித்தனியே எண்ணினர். பலகையிலே எட்டுத் துளைகள். பெட்டியில் ஒன்பது குமிழ்கள். ஒன்பதாவதைக் கழற்றி என் கையிலே தந்தார்கள். அஃது இப்போதும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றது.

பெட்டியின் பின்புற வாயிலுக்குரிய மெல்லிய தகட்டை முன்னதாகவே பொருத்தி, அதன் துளைகளுக்குள் பலகையின் செருகுவாய்கள் வந்து அமையும்படி சாய்த்து இறக்கவேண்டும். தகட்டின் விளிம்பு கையை வெட்டும். ஆணிகள் யாவற்றையும் முதலிலே தளர்வாகத் திருகிவிட்டு, பின்பு ஒவ்வொன்றாக, இறுக்கம் தெரிந்ததும் நிறுத்தவேண்டும்.

மின்வழங்கி, நம் வீட்டுச் சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்றைப் பெற்று 12, 5, 3.3 வோல்ற்றுகளாக மாற்றித் தருகின்றது. அதன் கூட்டைத் திறந்து பார்க்கும் ஆசை எவருக்கும் வேண்டாம். இணைப்பைக் கழற்றிய பின்னும் உள்ளே மின் தேங்கி நிற்கும். அதிலிருந்து வரும் 24 முனைச் செருகி பலகைக்கும், எட்டு முனைச் செருகி தனியே செயலிக்கும் உரியவை. வன்தட்டுக்கு ஒரு தரவு வயரும் ஒரு மின் வயரும் வேண்டும். பெட்டியின் முகப்பிலுள்ள ஆளிக்கும் விளக்குகளுக்குமான மெல்லிய வயர்களே பொறுமையைச் சோதிப்பவை. பலகையோடு வரும் கையேட்டைப் பார்த்தன்றி அவற்றைச் செருக முயலாதீர்கள். விளக்குகளுக்கு நேர், மறை என்னும் திசை உண்டு, ஆளிக்கு இல்லை.

எல்லாம் முடிந்தது. ஆளியை அழுத்தும் உரிமையை வயதில் இளைய மாணவிக்கு அளித்தோம். விசிறி சுழன்றது, நின்றுவிடவில்லை. ஆயினும் திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். எவரும் பேசவில்லை. அபிவிருத்திச் சங்கச் செயலாளரின் முகம் என் மனக்கண்ணில் தோன்றியது. சுவர் இணைப்பைக் கழற்றச் சொன்னேன். அப்பிள்ளை, கையேட்டின் படத்தில் ஒரு விரலும் பலகையின் மேலே மற்றொரு விரலுமாக வைத்து ஒவ்வோர் இணைப்பாகப் படித்துக்கொண்டே வந்தாள். குளிர்விப்பானின் பின்னால் மறைந்திருந்த மூலையில் விரல் நின்றது. “சேர், இதுக்குள்ளே ஒன்றும் இல்லை” என்றாள். செயலிக்கு மின் கொடுக்கும் எட்டு முனைச் செருகி, தகட்டின் பின்புறத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பலகைக்கு மின் கிடைத்தமையால் விசிறி சுழன்றது. செயலிக்கோ உயிரே போகவில்லை.

அதனைச் செருகி மீண்டும் ஆளியை அழுத்தியதும் குறுகியதாக ஒரு “பீப்” ஒலி எழுந்தது. கணினி தன் உறுப்புகளைத் தானே சோதித்து, குறையில்லை என்று பல பலகைகளில் அறிவிக்கும் ஒலி அது. திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. திகதி மாத்திரம் பல ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சனவரி முதலாம் நாளைக் காட்டிற்று. மின் இல்லாத வேளையில் கணினியின் கடிகாரத்தை ஓட்டும் நாணய வடிவப் பற்றரி வலுவிழந்திருந்தது. சி.ஆர். 2032 என்னும் அந்த மூன்று வோல்ற்றுப் பற்றரியைப் பாடசாலை வாயிலிலுள்ள கடையிலேயே வாங்கினோம். மாணவர் திகதியைத் திருத்தினர். இப்போது கணினிக் கூடத்தில் இயங்குபவை எட்டு. ஒன்பதாவதுக்குரிய பெட்டி களஞ்சிய அறையிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, புழுதி துடைக்கப்பட்டு, பலகைக்காகக் காத்திருக்கின்றது.