எந்த ஊர் என்று கேட்குமுன் எந்தக் கிணறு என்று கேட்போம்

"சுவாமி, மகன் வவுனியாவுக்குத்தான் போகவேணும் எண்டு நிக்கிறான். இவர் கிளிநொச்சி எண்டுறார். நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கோ."

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, பல இடங்களில் குடியிருந்து, இன்றும் வாடகை வீட்டில் வாழும் ஒரு தாய் எம்மிடம் இவ்வாறு கேட்டார். அவர்களது செம்மண் தோட்டம் இன்னும் விடுவிக்கப்படவில்லை. கையில் சிறிது சேமிப்பு உண்டு. அதை ஒருமுறை மட்டுமே செலவிட முடியும். ஆகவே அவருடைய கேள்வியை நாம் இலேசாக எடுக்கவில்லை. இவ்விதழை வாசிக்கும் பல குடும்பங்களின் கேள்வியும் இதுவே என்பதை நாம் அறிவோம்.

இரு நகரங்களும் ஏ-9 வீதியில் ஏறக்குறைய 75 கிலோமீற்றர் இடைவெளியில் உள்ளன. இரண்டிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. இரண்டிற்கும் புகையிரதம் உண்டு. வவுனியாவில், பம்பைமடுவை மையமாகக் கொண்டு 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் உள்ளன. எனவே படிப்பையும் வைத்தியத்தையும் மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. கமக்காரனுக்கு இரண்டையும் வேறுபடுத்துவது தண்ணீர்.

வவுனியா சந்தி நகரம். யாழ்ப்பாணம், மன்னார், கண்டி, ஹொரவப்பொத்தானை வீதிகள் அங்கே கூடுகின்றன. கடை, கராஜ், கூலிவேலை என நாளாந்தம் காசு காணும் வழிகள் அங்கு அதிகம். குருமன்காடு, வைரவபுளியங்குளம் போன்ற நகர்ப்புறங்களில் வீடு கட்டலாம், தோட்டம் செய்ய இடமிராது. நெளுக்குளம், ஓமந்தைப் பக்கம் போனால் நிலம் கிடைக்கலாம். ஆனால் வலிகாமத்துச் சுண்ணக்கல்லில் நீர் சுரப்பதுபோல் வவுனியாவின் கருங்கல்லில் சுரப்பதில்லை. பாறை வெடிப்பில் நீர் அகப்பட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரே வேலியின் இரு பக்கத்திலும் இரு வேறு கிணறுகள் அமையலாம். சிறுநீரக நோய் பரவியுள்ள மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று என்பதால் குடிநீரையும் சோதித்தே ஆகவேண்டும்.

கிளிநொச்சியோ குடியேற்றத் திட்டத்தால் வளர்ந்த ஊர். அதன் உயிர் இரணைமடுக் குளம். உருத்திரபுரம் போன்ற வாய்க்கால் வழிக் கிராமங்களில் நெல்லுக்கு வாய்ப்பு உண்டு. ஆயினும் குளத்தில் உள்ள நீரைப் பொறுத்தே சிறுபோகம் தீர்மானிக்கப்படும். எல்லா வயலுக்கும் எல்லா ஆண்டும் நீர் வராது. குத்தகைக்கு எடுப்பவர் நீர்ப்பங்கும் சேர்ந்து கிடைக்குமா என்பதை முதலில் கேட்கவேண்டும். தாழ்ந்த இடங்களுக்கு வெள்ளமும் ஓர் அபாயம். 2018 டிசம்பரில் வீடுகளுக்குள் நீர் புகுந்ததை அங்குள்ளோர் மறக்கவில்லை.

அடுத்தது காணிப் பத்திரம். வன்னியில் பெருமளவு நிலம் அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பேர்மிற் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்க முடியாது. முத்திரையில் கையெழுத்து வைத்துக் காசு கொடுத்தால் காசு போகும், காணி வராது. பல தசாப்தங்கள் குடியிருந்தும் பத்திரமில்லாமல் தவிக்கும் குடும்பங்களைக் கிளிநொச்சியிலே நாம் கண்டிருக்கிறோம்.

ஆகவே எமது ஆலோசனை இதுதான். முதலாவது, காணியை மாரியில் பார்க்காதீர்கள். மாரியில் எல்லாக் கிணறும் நிறைந்திருக்கும். ஆவணி, புரட்டாதியில் போய் வாளியை இறக்கிப் பாருங்கள். இரண்டாவது, ஒரு போத்தல் நீரை எடுத்துச் சென்று நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் சோதியுங்கள். மூன்றாவது, பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவிலும் கமநல சேவை நிலையத்திலும் விசாரியுங்கள்; குளத்தின் ஒதுக்குநிலமா என்றும் கேளுங்கள். நான்காவது, வாங்குமுன் ஒரு போகம் குத்தகைக்குச் செய்து பாருங்கள். குத்தகைக் காசு வீண் செலவல்ல. பெரிய நட்டத்தைத் தடுக்கும் சிறிய செலவு. ஐந்தாவது, தண்ணீர் அள்ளப் போகின்றவர் யாரோ அவருடைய சொல்லையும் கேளுங்கள். பெரும்பாலும் அது வீட்டுத் தாய்தான்.

உழைப்பு முழுவதும் மண்ணில் என்றால் கிளிநொச்சியின் வாய்க்காலை நாடலாம். பிள்ளைகள் கமத்தை விட்டுத் தொழிலுக்குத் திரும்பிவிட்டனர் என்றால் வவுனியா உகந்தது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் குடும்பம் அவசரப்படாதிருப்பதே நல்லது.

அந்தத் தாய்க்கு நாம் முடிவு சொல்லவில்லை. ஆவணியில் இரு ஊருக்கும் போய்வரும்படி மட்டும் கேட்டோம். திரும்பி வந்தவர், "வவுனியாவிலை பார்த்த கிணத்திலை வாளி கல்லிலைதான் முட்டிச்சுது, சுவாமி" என்றார். இன்று அவர்கள் கனகபுரத்தில் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து மிளகாய் நட்டிருக்கிறார்கள். மகன் வவுனியாவில் ஒரு கராஜில் வேலை பழகுகிறான். சேமிப்பில் இன்னும் கை வைக்கவில்லை. பழைய தோட்டத்தின் உறுதியும் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. புதிய ஊரில் குடியேறுவதற்காக அதை யாரும் கைவிட வேண்டியதில்லை.