முகப்பூச்சு டப்பாவில் ‘நானோ’ என்று போட்டிருக்கிறதே!

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்கோ பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்கோ தீபாவளிச் சாமான் வாங்கப் போகும் நம் தாய்மார்கள், முகப்பூச்சு அடுக்கின் முன் நிற்காமல் திரும்புவதில்லை. முன்பெல்லாம் டப்பாவில் மஞ்சள், சந்தனம், குங்குமப்பூ என்று எழுதியிருக்கும். இப்போது ‘நானோ’ என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. “புது விஞ்ஞானம்! தோலுக்குள் ஆழமாக இறங்கி வேலை செய்யும்” என்று சிலர் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். “கண்ணுக்குத் தெரியாத தூளாம், இரத்தத்தில் கலந்துவிடுமாம்” என்று வேறு சிலர் மிரண்டு டப்பாவைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். இதில் உண்மை எவ்வளவு?

நானோ என்பது மருந்தின் பெயர் அன்று, அளவின் பெயர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர் இருக்கும். 100க்கு உட்பட்ட துகள்களையே நானோத் துகள் என்கிறார்கள். பாட்டி விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்துக் கண்மை செய்தாரே, அந்தக் கரியிலும் இந்த அளவுத் துகள்கள் உண்டு. பாட்டிக்குப் பெயர் தெரியாது, அவ்வளவுதான்!

வெயில் காப்புக் களிம்பை எடுத்துக்கொள்வோம். அதில் பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் டையாக்சைடோ இருக்கும். குழந்தைக்குத் துணி உரசிப் புண்ணானால் தடவும் வெள்ளைக் களிம்பில் இருப்பதும் இதே துத்தநாக ஆக்சைடுதான். சாதாரணத் தூளாகப் பூசினால், நம் மாநிறத்துக்குச் சுண்ணாம்பு அடித்தது போல் தெரியும். நானோ அளவுக்குப் பொடித்தால் வெள்ளை மறைந்துவிடுகிறது. புற ஊதாக் கதிரை மட்டும் தடுக்கிறது. பகலெல்லாம் செம்பனைக் காட்டில் நிற்பவருக்கு இது நல்ல உதவி.

ஆனால் ‘ஆழமாக இறங்கும்’ என்பது இங்கே பொருந்தாது. புண்ணில்லாத தோலில் இந்தத் துகள்கள் மேலிருக்கும் உயிரற்ற படலத்திலேயே தங்கிவிடுகின்றன என்றே ஆய்வுகள் காட்டியுள்ளன. பீய்ச்சி அடிக்கும் வகையைத்தான் ஐரோப்பிய அறிவியல் குழு வேண்டாம் என்கிறது. தூள் நுரையீரலுக்குள் போகலாம் அல்லவா? ஐரோப்பாவில் 2013 முதல், நானோப் பொருள் இருந்தால் சேர்மானப் பட்டியலில் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

நானோவுக்கு மிரண்டவர், பசார் மாலாமில் விலாசமில்லாத ‘ஏழே நாளில் சிவப்பழகு’ களிம்பை வாங்கி வருகிறாரே, அங்கேதான் எனக்குக் கவலை! அத்தகைய களிம்புகள் பலவற்றில் பாதரசம் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. அது தோலின் நிறமியைத் தடுப்பதால் முகம் சீக்கிரம் வெளுக்கும். சிறுநீரகமும் கெடும், வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் ஆபத்து. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021க்கும் 2023க்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள் என்று மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மாமியார் வீட்டில் நிறம் கேட்கிறார்கள் என்பதற்காகப் பெண்பிள்ளை சிறுநீரகத்தையா கொடுப்பாள்?

நம் நாட்டில் முகப்பூச்சை விற்குமுன் சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்த பொருளுக்கு ‘என்.ஓ.டி.’ என்று தொடங்கும் எண் உண்டு. அந்த எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்தால் ஒரு நிமிட வேலை. இருந்தாலும் இந்த எண், விற்பவர் அறிவித்தார் என்பதற்கே அடையாளம். அரசாங்கம் முன்கூட்டியே சோதித்தது என்று பொருளல்ல. பிறகு நடக்கும் சோதனையில் பாதரசம் அகப்பட்டு எண்ணை இழந்தவையும் உண்டு. ஆகவே பெயரையும் சேர்த்தே தேடுங்கள். விதியை மீறி விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

பூசிய இடம் எரிந்தாலோ தடித்தாலோ, கிளினிக்குக்குப் போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். ஐந்து வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே, பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பணத்தைத் திரும்பக் கேட்க அந்த ரசீது வேண்டியிருக்கும்.