சுரங்க வெப்பமும் தசைகளின் இரத்த ஓட்டமும்

கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்குச் சென்றது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்டிருந்தது. 2001-ஆம் ஆண்டில் மூடப்படும்வரை அச்சுரங்கங்களில் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற குடும்பங்களைச் சேர்ந்தோர் பெருந்தொகையினராக உழைத்தனர். அவர்களுள் சிலர் வேலைக்களத்தில் மயங்கி விழுவதுண்டு. மருத்துவர் ஏ. காப்லன் இதனை ஆராய்ந்து 1944-இல் கட்டுரை வெளியிட்டார். ஈரக்குமிழ் வெப்பநிலை உயர உயர வேலைத்திறன் குறைவதை அவரும் லிண்ட்சேயும் 1946-இல் எடுத்துக்காட்டினர். இம்மயக்கத்தின் காரணத்தை அறியத் தசைகளுக்கு இரத்தம் பங்கிடப்படும் முறையை அறிதல் வேண்டும்.

ஓய்வு நிலையில் இதயம் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே தசைகளுக்குச் செல்கிறது. கடும் உழைப்பின்போது இதயம் 20 லிட்டர் அளவு செலுத்தக்கூடும். அதில் ஐந்தில் நான்கு பங்கு தசைகளைச் சேரும்.

இப்பங்கீட்டை இரண்டு ஏற்பாடுகள் நடத்துகின்றன. பரிவு நரம்புகள் நாரட்ரீனலின் என்னும் பொருளைச் சுரந்து சிறு தமனிகளைச் சுருக்குகின்றன; இதனால் உடல் முழுவதற்கும் வேண்டிய இரத்த அழுத்தம் காக்கப்படுகிறது. குழாய்களின் உட்படலமோ அவற்றைத் தளர்த்த வல்லது. ஃபர்ச்காட், ஜவாட்ஸ்கி ஆகியோர் 1980-இல் இதனை மெய்ப்பித்தனர். முயலின் தமனித் துண்டில் உட்படலம் சிதையாதிருந்தால் அசிட்டைல்கோலின் அதனைத் தளர்த்தியது. உட்படலத்தை உரசி நீக்கியபின் தளர்த்தவில்லை. தளர்த்தும் பொருள் நைட்ரிக் ஆக்ஸைடு வாயு எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இது பற்றிய ஆராய்ச்சிக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரத்தம் விரைந்து உரசி ஓடும்போது உட்படலம் இவ்வாயுவை மிகுதியாக வெளியிடுகிறது. உழைக்கும் தசையிலிருந்து வெளிவரும் பொட்டாசியம், அடினோசின் முதலியனவும் குழாய்களை விரிக்கின்றன. ஆகவே, நரம்புகள் சுருக்க முயன்றாலும் உழைக்கும் தசையில் அதன் வலிமை குன்றிவிடுகிறது.

வெப்பமான இடத்தில் தோலும் மிகுந்த இரத்தத்தைக் கேட்கிறது. உடற்சூடு வெளியேற அதுவே வழி. அதே வேளையில் வியர்வையால் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. உழைப்பவர் திடீரென அசையாது நின்றால் நிலைமை மோசமாகிறது. கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளுவது நின்றுவிடும். குழாய்களோ உடனே சுருங்குவதில்லை. இரத்தம் கால்களில் தேங்க, மூளைக்குச் செல்வது குறைந்து மயக்கம் உண்டாகிறது.

செங்கற்சூளையிலும் சாலைப் பணியிலும் வெயிலில் உழைப்போருக்கும் இது பொருந்தும். வேலையைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துதல் நலம். புதியவரை முதல் நாளிலேயே முழுவேலையில் ஈடுபடுத்தலாகாது. உடல் வெப்பத்திற்குப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். மயங்கியவரை நிழலில் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். தெளிந்தபின் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுக்கலாம். உடல் கொதித்து, பேச்சுத் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. உடனே உடலை நீரால் நனைத்து விசிறி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய்வழியே எதுவும் கொடுத்தலாகாது.