மொட்டை மாடியில் மண்ணில்லாக் கீரை, டிரம்மில் மீன்... வாங்கிப்போடும் முன் ஒரு நிமிஷம்!

வெள்ளை பி.வி.சி. குழாயில் வரிசையாக லெட்யூஸ், கீழே தொட்டியில் துள்ளும் மீன், பின்னணியில் மெல்லிய இசை. முப்பது நொடி ரீல்ஸ் முடிவதற்குள் ‘நம்ம மாடியிலும் போட்டால் என்ன?’ என்று தோன்றிவிடும். அதற்கு அடுத்த விளம்பரமே ‘முழு செட்டப்பும் நாங்களே அமைத்துத் தருகிறோம்’ என்று வந்து நிற்கும். பல வீடுகளில் அந்தக் குழாய்கள் ஆறு மாதத்தில் துணி காயப்போடும் கம்பியாக மாறிவிடுகின்றன என்பதை மட்டும் யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.

ஹைட்ரோபோனிக்ஸ் என்பது மண் இல்லாமல், சத்துகள் கரைத்த தண்ணீரில் செடி வளர்ப்பது. அக்வாபோனிக்ஸில் அந்தச் சத்தை மீன் தருகிறது. இரண்டும் ஒரே கடையில், ஒரே படத்தோடு விற்கப்படுவதால் ஒன்றுபோலத் தெரியும். உண்மையில் முதலாவதில் தவறு செய்தால் நான்கு கீரைச் செடி வாடும். இரண்டாவதில் தவறு செய்தால் உயிருள்ள மீன்கள் ஒரே இரவில் மிதக்கும். அதனால் கற்றுக்கொள்ளும் வரிசையும் அப்படியே இருப்பது நல்லது. முதலில் கீரை, பிறகு மீன்.

இந்த முறை ஒன்றும் நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெரிக் 1930-களில் தண்ணீரிலேயே தக்காளியை ஆள் உயரத்துக்கு மேல் வளர்த்துக் காட்டினார். இந்தியாவில் 1946-ல் ஷோல்டோ டக்ளஸ் மேற்கு வங்கத்தின் காலிம்பாங்கில் சோதனைகளைத் தொடங்கினார்.

மோட்டார் இல்லாத ஒரு பெட்டி

ஆரம்பிக்கிறவர்களுக்கு மிக எளிமையானது ‘க்ராட்கி’ முறை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் க்ராட்கி பிரபலப்படுத்தியதால் அந்தப் பெயர். மோட்டார் வேண்டாம், கரன்ட் வேண்டாம். வெளிச்சம் புகாத ஒரு பெட்டி, மேலே ஓட்டை போட்ட மூடி, ஓட்டையில் உட்காரும் சின்ன வலைத்தொட்டி, இவ்வளவுதான். மீன் கடைகளில் வரும் தெர்மாகோல் பெட்டியே போதும். வலைத்தொட்டிக்குப் பதில் அடியில் துளையிட்ட தயிர் கப் வைத்துக்கொள்ளலாம். விதையைத் தென்னை நார்க்கழிவில் முளைக்கவைத்து, வேர் எட்டிப்பார்த்ததும் மாற்ற வேண்டும். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நன்றாக அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

இதில் பெரும்பாலானோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பெட்டியில் தண்ணீர் குறையக் குறைய, பாசத்தோடு மறுபடி கழுத்து வரை ஊற்றிவிடுவார்கள். அடுத்த சில நாளில் செடி வாடும். காரணம், தண்ணீர் இறங்கும்போது மேலே உருவாகும் வெற்றிடத்தில்தான் செடி காற்றை உறிஞ்சும் வேர்களை விடுகிறது. அந்த வேர்களைத் தண்ணீரில் மூழ்கடித்தால் மூச்சுத் திணறும். எனவே தண்ணீர் பாதிக்குக் கீழே போனால் கொஞ்சம் சேர்க்கலாம், நிரப்பக் கூடாது. ஒரு லெட்யூஸ் செடி அறுவடை வரை சுமார் நான்கு லிட்டர் குடிக்கும் என்று கணக்கிட்டுப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கவலையே இல்லை.

சத்துக்கு, கடையில் கிடைக்கும் 19:19:19 உரத்தை மட்டும் கரைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது. அதில் கால்சியம் இல்லை. தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியாவாக இருக்கும். மண்ணில் நுண்ணுயிரிகள் அதை உடைத்துத் தரும், வெறும் தண்ணீரில் அந்த வேலைக்குப் போதிய ஆள் இல்லை. ஹைட்ரோபோனிக்ஸுக்கென்றே ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு பாட்டில்களாக வரும் கரைசலை வாங்குவதே சரி. ஏன் இரண்டு? அடர்த்தியான நிலையில் கால்சியமும் சல்ஃபேட், பாஸ்பேட்டும் சந்தித்தால் சுண்ணாம்புபோலப் படிந்துவிடும். செடிக்கு எதுவும் கிடைக்காது. அதனால் ‘ஏ’-வை முதலில் தண்ணீரில் கலக்கிவிட்டு, பிறகுதான் ‘பி’-யை ஊற்ற வேண்டும். இரண்டையும் ஒரே கப்பில் கலந்து ஊற்றினால் காசு அடியில் வண்டலாகத் தங்கும்.

அடுத்தது தண்ணீர். கீரைகளுக்குக் கரைசலின் டி.டி.எஸ். 600 முதல் 900 வரை இருந்தால் நல்லது. போர்வெல் தண்ணீரே ஆயிரத்தைத் தாண்டும் ஏரியாக்களில் சத்து சேர்க்க இடமே இருக்காது. அங்கெல்லாம் மழைநீரோ, ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்ததோதான் வழி. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் கூடவே கூடாது. உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. பி.எச். அளவு 5.5 முதல் 6.5-க்குள் இருக்க வேண்டும். டி.டி.எஸ். மீட்டரும் பி.எச். சோதனைச் சொட்டும்தான் முதல் செலவாக இருக்க வேண்டும், குழாய் அல்ல.

கோடையில் கரைசல் முப்பது டிகிரியைத் தாண்டினால் வேர் பழுப்பாகி அழுகத் தொடங்கும். சித்திரை வெயிலில் லெட்யூஸ் போட்டுவிட்டுக் கசக்கிறது என்று வருந்துவதில் பயனில்லை, அது குளிர்ப் பயிர். வள்ளல் கீரை, புதினா, பொன்னாங்கண்ணி, பசலை இவையெல்லாம் நம் வெயிலோடு ஒத்துப்போகும்.

மீன் வரட்டும், ஆனால் கடைசியாக

அக்வாபோனிக்ஸில் நடக்கும் பெரும்பாலான சோகம் முதல் வாரத்திலேயே நடந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தொட்டி வாங்கி, அன்றைக்கே குழந்தைகளோடு போய் இருபது மீனும் வாங்கி வந்தால், சில நாட்களில் அவை மேலே வந்து வாய் பிளக்கும். மீன் கழிவில் உள்ள அம்மோனியா மீனுக்கே விஷம். அதை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கவிடாமல் செய்துவிடும். இன்னொருவகைப் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகே செடிக்கு உணவு, மீனுக்கு நிம்மதி. இந்தப் பாக்டீரியாக்கள் கூழாங்கல்லிலும் ஃபில்டரிலும் குடியேறச் சாதாரணமாக 25 முதல் 40 நாள் ஆகும்.

அந்த நாட்களில் தொட்டியில் மீன் வேண்டாம். தினம் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு மக்கவிட்டால் அதுவே அம்மோனியாவைத் தரும். அக்வேரியக் கடைகளில் கிடைக்கும் சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கி, நைட்ரேட் உயர்வது தெரிந்ததும் மீன் விடலாம். குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரின் போக ஒரு நாள் திறந்துவைத்த பிறகே ஊற்ற வேண்டும். குளோரின் மீனை மட்டுமல்ல, அந்தப் பாக்டீரியாவையும் கொல்லும்.

எத்தனை மீன்? ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பின் 2014-ஆம் ஆண்டுக் கையேடு ஆயிரம் லிட்டருக்கு 20 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்கிறது. 200 லிட்டர் டிரம்மில் அது நான்கு கிலோ. புதியவர்கள் அதிலும் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு கிலோ மீன் தினம் 20 முதல் 40 கிராம் தீனி தின்னும். அதே கையேட்டின்படி கீரைக்கு ஒரு சதுர மீட்டருக்குத் தினம் 40 முதல் 50 கிராம் தீனி வேண்டும். ஆக, ஒரு டிரம் மீன் ஒரு சதுர மீட்டர் கீரையைக்கூட முழுசாகப் போஷிக்காது. ‘வீட்டுக்குத் தேவையான மீனும் காய்கறியும்’ என்ற விளம்பரத்தை இந்தக் கணக்கோடு படித்துப் பார்க்கலாம்.

கரன்ட் போனால் காற்று மோட்டார் நிற்கும். மீன் நெருக்கமாக இருந்தால் சில மணி நேரமே அவகாசம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். விரால், பனையேறிக் கெண்டை போன்றவை மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் என்பதால் தாக்குப்பிடிக்கும். பழகுவதற்கு கோல்டு ஃபிஷ், கோய் போதும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை நம் நாட்டில் வளர்க்கத் தடை உண்டு. திலேப்பியாவுக்கு முன் அனுமதி வேண்டும். விற்பவர் இதைச் சொல்லாமல் இருக்கலாம். இலையில் பூச்சி வந்தால் மருந்தடிக்கவும் முடியாது. சோப்புக் கரைசலும் வேப்பெண்ணெயும்கூடத் தண்ணீரில் சொட்டினால் மீனுக்கு ஆபத்து. கையால் பொறுக்க வேண்டியதுதான்.

மாடி தாங்குமா?

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதிகள் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமையைக் கணக்கில் கொள்கின்றன. ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றேகால் சதுர மீட்டருக்குள் உட்கார்ந்து ஒரு டன்னை அழுத்தும். பழைய வீடு என்றால் இன்ஜினீயரைக் கேட்காமல் ஏற்றவே கூடாது. வாடகை வீட்டில் வீட்டு உரிமையாளரையும்.

செலவுக் கணக்கில் யாரும் ஏமாற வேண்டாம். தெருமுனையில் கீரைக்கட்டு மலிவாகக் கிடைக்கும் ஊரில், பல ஆயிரம் ரூபாய் செட்டப் கீரை விற்று ஈடாகாது. ‘விளைச்சலை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்’ என்று சொல்லி முன்பணம் கேட்பவர்களிடம் இன்னும் கவனம் தேவை. இதைப் பிள்ளைகளோடு கற்றுக்கொள்ளும் பொழுதுபோக்காகத் தொடங்கினால் தெர்மாகோல் பெட்டியும் சத்துக் கரைசலும் மீட்டரும் போதும். வெயில் தினம் நான்கைந்து மணி நேரம் விழும் பால்கனி இருந்தால் மாடியே தேவையில்லை.

இன்னொன்று, கொசு. பெட்டியின் மூடியில் இடைவெளி இருந்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அந்தச் சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். செடி இல்லாத ஓட்டைகளை டேப் ஒட்டி மூடி, தண்டைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பஞ்சால் அடைத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்த்தால், வேரின் நிறத்தையும் அப்படியே கவனித்துவிடலாம். வெள்ளையாக இருந்தால் அடுத்த பெட்டிக்கு விதை போடலாம்.